முதல் சிலிண்டரில் ஓர் ஈர்க்கில்

மாருதி எண்ணூறின் கூட்டுக்குள்
எஸ்டீம் எஞ்சினை இறக்கியது நான்தான்.
மவுண்டு இரண்டை வெட்டி ஒட்டி,
ரேடியேட்டரை நாலு விரல் முன்னே தள்ளி,
பானெட் மூடாமல்
ஒரு ஞாயிறு முழுக்க மல்லுக்கட்டி.

வண்டி ஜெஸ்லினுடையது.
அருமனை, களியல், கடையாலுமூடு என்று
ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடுக்கப் போகிறவள்.
பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டாள்.
பழகாதவனுக்கு அந்த நாற்றத்தில்
ஒரு கிலோமீட்டர் தாங்காது.

மூன்று மாதம் ஓடியது.
பிறகு ஏற்றம் கண்டால் இளைத்தது.
சூட்டுமுள் சிவப்பைத் தொட்டது.
இறக்கத்தில் காலை எடுத்தால்
சைலன்சரில் ஓலைவெடி.

"அண்ணே, முன்னால என்னவோ கெடந்து ஆடுது."
பெட்ரோல் சரியில்லை என்றேன்.
களியக்காவிளை தாண்டிப் போய் அடித்துவந்தாள்.
பிளக் என்றேன். நாலையும் மாற்றினேன்.
"முன்னாலதான் ஆடுது."
நீ கியர் குறைக்காமல் ஏற்றுகிறாய் என்றேன்.
அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை,
கதவைச் சாத்தினாள்.
மேலே பாலத்தில் போன பேருந்தை மீறி
அந்தச் சத்தம் கேட்டது.

டைமிங் லைட்டைப் பிடித்தால்
புல்லியின் வெள்ளைக்கோடு
பத்து டிகிரியில் அசையாமல் நிற்கிறது,
ஆராதனையில் முதல் பெஞ்சுக்காரன்போல.
டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை முன்னே திருப்பினேன்.
வெட்டுமணிவரை நன்றாக ஓடியது.
களியல் ஏற்றத்தில் மறுபடி கட்டை.
இன்னொரு மயிரிழை.
எத்தனை மயிரிழைதான் ஒரு எஞ்சினில் இருக்கும்?

மழை பிடித்துக்கொண்ட வெள்ளிக்கிழமை
வேறு வேலை இல்லை.
லிபினிடம் விளக்குமாற்றை எடுத்துவரச் சொன்னேன்.
"பெருக்கவா?"
"இல்லல, ஒரு ஈர்க்கில் உருவு."

முதல் பிளக்கைக் கழற்றி
ஓட்டைக்குள் ஈர்க்கிலை விட்டேன்.
அவன் ஸ்பானர் போட்டு மெல்லத் திருப்ப
என் இரண்டு விரலுக்கிடையே அது ஏறிற்று,
பிஸ்டனின் தலையில் நின்றபடி.
ஏறி, தயங்கி,
இறங்கத் தொடங்கிய பிறகே
கோடு சுழியத்துக்கு வந்து சேர்ந்தது.

ஒருமுறை. மறுமுறை.
லிபினைப் பிடிக்கச் சொல்லி மூன்றாம் முறை.
ஈர்க்கில் மாற்றிச் சொல்லவில்லை.

கோடு இருப்பது புல்லியில்.
புல்லி பிடித்திருப்பது பல்சக்கரத்தை.
பல்சக்கரம்தான் பெல்ட்டை இழுத்து
தீப்பொறிக்கும் நேரம் சொல்கிறது.
அதுவே நழுவினால்
கோடும் பொறியும் சேர்ந்தே நழுவும்.
லைட்டுக்கு எப்படித் தெரியும்?
அது அந்த இரண்டையும் மட்டுமே பார்க்கிறது.
தாமதம் தெரிந்தது உள்ளே
இருட்டில் ஏறி இறங்குகிற ஒன்றுக்குத்தான்.
பின்னே, தினமும் அந்த இருக்கையில்
உட்கார்ந்து போகிறவளுக்கும்.

நடு போல்ட்டில் ராடு போட்டேன்.
பலம் கொடுக்குமுன்பே சுற்றியது.

உள்ளே அந்தச் சாவி,
சுண்டுவிரல் நகமளவுப் பிறைத்துண்டு,
ஒரு பக்கம் தேய்ந்து மினுங்கியது.
சக்கரத்தின் காடி அகன்று கிடந்தது.

ஞாபகம் வந்தது.
அன்று கையால் திருகி வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனேன்.
திரும்பி வந்து பெல்ட் கவரை மூடினேன்.
இடையில் செய்யவேண்டியது ஒன்று இருந்தது.

லிபின் என் முகத்தைப் பார்த்துவிட்டு
விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு
பெருக்கின தரையை மறுபடி பெருக்கினான்.

புதுச் சாவி, வேறு பல்சக்கரம்,
தண்டின் காடிக்கு லேத்தில் ஒருநாள்.
சனி சாயங்காலம் ஜெஸ்லின் வந்தாள்.
எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.
துடைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது சொன்னேன்:
"ஆடுனது முன்னாலதான். நான் முறுக்காம விட்டது."

தேய்ந்த துண்டை உள்ளங்கையில் வாங்கி
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.
"பின்ன அந்த நாலு பிளக்கு?"
டப்பாவிலிருந்து பழையவற்றை எடுத்துக் கொடுத்தேன்.
எண்ணிப் பைக்குள் போட்டாள்.
அந்தக் காசைக் கழித்துக்கொண்டேன்.

"கவரைத் தொறங்க.
எனக்கு முன்னால முறுக்குங்க."

டார்க் ரெஞ்ச்சை வைத்து அழுத்தினேன்.
கிளிக்.

"இன்னொரு தடவ" என்றாள்.